பாயும் படமும்: கணினியிற் பிழை காணும் முறை

பிழை நேர்ந்தவிடத்துக் கருவியைச் சினத்தல் மாணவர்க்கு இயல்பு. காரணத்தை நாடுதல் நாம் பழக்கவேண்டிய பண்பு. இவ்வுண்மையை ஓர் ஓலைப்பாய் நமக்கு உணர்த்திற்று.

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த நம் மாணவர் ஒருவர், கணினி விளையாட்டொன்றிற்காக ஊர் வீட்டின் முப்பரிமாண உருவை அமைத்தார். அதன் திண்ணையில் விரித்தற்குத் தம் உம்மம்மா இழைத்த பனையோலைப் பாயையே படம்பிடித்தார். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் சென்று, பின்னர் ஊர் மீண்ட பாய் அது. அதன் பின்னலை மேடுபள்ளத்தோடு காட்டுதற்குக் கிம்ப் என்னும் மென்பொருளில் ஒரு செருகுநிரலை இட்டார். மூன்று இடர்கள் தோன்றின.

முதலாவது, செருகுநிரல் பட்டியலிலேயே காணப்படவில்லை. பேர்க்கிளிப் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995 இல் தொடங்கிய கிம்ப், 2025 மார்ச்சில் 3.0 பதிப்பை எய்தியது. 2.10 பதிப்பிற்கு எழுதப்பட்ட செருகுநிரல்கள் இதில் இயங்கா. மேலும், புதிய செருகுநிரல் ஒவ்வொன்றும் தன் பெயரையே கொண்ட தனிக் கோப்புறையுள் இருத்தல் வேண்டும். லினக்ஸ் கணினியில் இயங்கும் அனுமதியும் வேண்டும். மரம் என்பதனோடு ஐ உருபு நேரே சேராது, அத்துச் சாரியை பெற்று மரத்தை என்றாதல் போல, இணைப்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டன்றோ? மாணவரிடம் இருந்ததோ பழைய நிரல். ஆதலின் அதனை விடுத்து, கிம்பிலேயே அமைந்துள்ள நோர்மல் மேப் வடிகட்டியைக் கையாண்டார்.

இரண்டாவது, படத்தை அடுத்தடுத்துப் பரப்பியபோது ஓரங்களிற் கோடு விழுந்தது. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் பொருந்துமாறு போல, படத்தின் வல ஓரமும் இட ஓரமும், மேலோரமும் கீழோரமும் பொருந்துதல் வேண்டும். படத்தை 1024 புள்ளிச் சதுரமாக வெட்டி, இரு திசையிலும் 512 புள்ளி நகர்த்தினால் ஓரங்கள் நடுவே வந்து சேரும். அங்குள்ள கோட்டை அயற்பகுதியின் ஓலைகொண்டு மறைத்த பின்னரே நோர்மல் மேப்பை ஆக்குதல் முறை.

மூன்றாவதே நுண்ணியது. திரையில் யாவும் செவ்வையெனவே நாம் கருதினோம். உம்மம்மாவோ சற்றே நோக்கி, “குறுக்கோலை எல்லாம் குழிக்குள்ள கிடக்குது, மகன்” என்றார். நெடுக்கோலை சரி, குறுக்கோலை மட்டும் தவறு. காரணமும் அதிலேயே இருந்தது. நோர்மல் மேப்பிற் சிவப்பு இடவலச் சாய்வையும், பச்சை மேல்கீழ்ச் சாய்வையும், நீலம் வெளிநோக்கிய அளவையும் குறிக்கும். சமதளம் 128, 128, 255 என்னும் ஊதாச் சாயலாய்த் தோன்றும். பச்சையை யூனிற்றி மேல்நோக்கியும், அன்ரியல் கீழ்நோக்கியும் கொள்ளும். மாணவர் யூனிற்றிக்குரிய படத்தை அன்ரியலில் இட்டிருந்தார். எனவே குறுக்கோலையின் மேல்விளிம்பு இருண்டு, கீழ்விளிம்பு ஒளிர்ந்தது. பச்சைத் தடத்தை மட்டும் தலைகீழாக்க, அஃதாவது ஒவ்வோர் எண்ணையும் 255 இலிருந்து கழிக்க, பின்னல் எழுந்தது. இப்படத்தை வண்ணப்படமெனக் கொண்டு நிறத்திருத்தம் செய்தலும் ஆகாது. அதிலுள்ளவை நிறங்களல்ல, திசைகள்.

மாணவர்காள்! இடர் நேரின் ஒருகால் ஒன்றையே மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்க. எது சரியாயுள்ளது என்பதையும் நோக்குக. நெடுக்கோலையின் செம்மையே குறுக்கோலையின் பிழைக்கு வழிகாட்டிற்று. எல்லாவற்றினும் மேலாக, பொருளை இழைத்த கையினரிடம் படத்தைக் காட்டுக. அம்மூதாட்டி காணாதிருப்பின், பின்னல் தலைகீழான பாயொன்றையே வருஞ்சந்ததி தன் பாட்டியின் பாயெனக் கற்றிருக்கும். கணினி நம்மவர் கைவினையைக் காக்கும். ஆயின் அதனை மெய்யென்று சான்றுரைக்க வல்லவை அக்கைவினையை அறிந்த கண்களே.