கார்பாக்சிலிக் அமிலங்கள்: ஓர் அறிமுகம்



புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் புளிப்பை அறியாதார் இலர். புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும் உள்ளன. பெயர்கள் வேறாயினும் இவை மூன்றும் ஒரே குடும்பத்தின. கார்பாக்சிலிக் அமிலங்கள் என்பது அக்குடும்பத்தின் பெயர்.

அமைப்பு

ஒரு கார்பன் அணுவுடன் ஓர் ஆக்ஸிஜன் அணு இரட்டைப் பிணைப்பாலும், ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஒற்றைப் பிணைப்பாலும் இணைந்திருப்பின் அது கார்பாக்சில் தொகுதி எனப்படும். அந்த ஹைட்ராக்சிலில் உள்ள ஹைட்ரஜனே நீரில் அயனியாகப் பிரிந்து அமிலத்தன்மையைத் தருகிறது. அசிட்டிக் அமிலத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் நான்கு; கார்பனோடு நேரே இணைந்த மூன்றும் பிரிவதில்லை. நான்கும் பிரியும் என எழுதி மாணவர் மதிப்பெண் இழப்பதை நாம் பல்லாண்டுகள் கண்டிருக்கிறோம்.

சோதனை

வினிகரில் சிறிது சமையல் சோடாவை இடுக. நுரைத்து வெளிவரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால், நீர் பால்போல் வெண்மையாகும். அவ்வாயு கார்பன் டை ஆக்ஸைடு. ஆல்கஹால்கள் சமையல் சோடாவுடன் இவ்வாறு வினைபுரிவதில்லை. ஆகவே இரண்டையும் வேறுபடுத்தி அறிய இச்சோதனை பயன்படும்.

ஆல்கஹாலிலிருந்து அமிலம்

எத்தனால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் முதலில் அசிட்டால்டிஹைடும், பின்னர் அசிட்டிக் அமிலமும் உண்டாகும். மெத்தனாலோ ஃபார்மால்டிஹைடாகி, பின் ஃபார்மிக் அமிலமாகும். மூலக்கூறில் வேறுபாடு ஒரு கார்பன் அணுவே. விளைவிலோ பெரும் வேறுபாடு.

நம் கல்லீரலிலும் இம்மாற்றங்களே நிகழ்கின்றன. அசிட்டிக் அமிலத்தை உடல் விரைவில் கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராகவும் மாற்றிவிடும். ஃபார்மிக் அமிலம் அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை. அது தேங்கி, இரத்தத்தின் அமிலத்தன்மையை மிகுவித்து, பார்வை நரம்பைச் சிதைக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிறத்தாலும் மணத்தாலும் மெத்தனாலை எத்தனாலிலிருந்து பிரித்தறிதல் அரிது. எத்தனால் நன்மை தரும் என்பது இதன் பொருளன்று. அதுவும் கல்லீரலைக் கெடுப்பதே.

எனவே செல்வங்களே, ஆய்வகத்தில் பெயரொட்டாத புட்டியை முகராதீர், எதனையும் சுவையாதீர். இப்பாடத்தில் பிற யாவும் மறப்பினும் இதனை மறவாதீர்.

பயிற்சி வினாக்கள்

1. அசிட்டிக் அமிலத்தில் அயனியாகப் பிரியும் ஹைட்ரஜன் எது? ஏனைய மூன்றும் எதனோடு இணைந்துள்ளன?
2. இரு சோதனைக் குழாய்களில் எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் உள்ளன. எவ்வாறு வேறுபடுத்துவீர்?
3. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாகும் படிகளை வரிசைப்படுத்துக.