சிலம்ப வகுப்பு விழாவுக்குப் பிள்ளைகளைக் குடும்பத்தோடு வரவழைப்பது எப்படி? செஞ்சியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் சிலம்ப வகுப்பில் முதன்முதலில் ஆயுத பூஜை வைத்தபோது நாற்பது பேருக்குச் சுண்டல் அவித்தோம். வந்தவர்கள் பதினான்கு பேர். வராதவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுவாரம் ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்தேன். பிடிக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. “அன்னிக்கு மல்லாட்டை (நிலக்கடலை) புடுங்கினோம்”, “பஸ்ல ஏறவே முடியல”, “பொண்ணைத் தனியா எப்படி அனுப்பறது”, “எங்களையும் கூப்பிட்டீங்கன்னு தெரியாதே.” இந்த நான்கு பதில்களிலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்த வழிகாட்டி. சிலம்பத்துக்கு எழுதியிருக்கிறேன், கராத்தே, குத்துச்சண்டை வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

செஞ்சியில் நாள் குறிக்கும்போது நிலாவைப் பார்த்தாக வேண்டும். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் திரளும். பௌர்ணமியன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற பஸ்கள் திண்டிவனத்திலிருந்தே நிரம்பி வரும். இந்த இரண்டு நாளிலும் சுற்று கிராமத்துப் பிள்ளைகள் டவுனுக்கு வந்து திரும்புவது பெரும்பாடு. மல்லாட்டை பிடுங்கும் நாள், நெல் அறுப்பு, பொதுத்தேர்வு மாதம், பெரிய முகூர்த்த நாள் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். எஞ்சுகிற ஞாயிறுகளில் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிக்கிற மாதிரி வையுங்கள். மாலையில் வைத்தால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர முடியுமா என்ற கவலையிலேயே பெண் பிள்ளைகளின் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள். அது நியாயமான கவலை.

அழைப்பு அம்மாவிடம் போகட்டும்

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதும் என்று நாங்களும் நினைத்தோம். பல வீடுகளில் அந்த போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் வேலைக்குப் போய்விடுகிறார். வகுப்பு முடிந்து பிள்ளையை அழைத்துப்போக வருகிற அம்மாவிடமோ ஆயாவிடமோ நேரில் சொல்லுங்கள். “அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை தம்பி சலாம் வரிசை எடுக்கறான். நீங்களும் ஆயாவும் இருந்து பார்க்கணும்” என்று பிள்ளையின் பங்கைச் சொல்லி அழையுங்கள். ஆசானே சொன்னால் அதற்குத் தனி மதிப்பு. பத்து நாள் முன்னால் ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை போதும்.

காசு கேட்பதாக இருந்தால் தொகையை அப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால், கையில் இல்லாதவர்கள் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை

இதை மட்டும் செய்தால்கூடப் பாதிக் கூட்டம் கூடிவிடும். எங்கள் பழைய நிகழ்ச்சி நிரலில் பதக்கம் வாங்கியவர்களின் பெயர் மட்டுமே இருக்கும். இரட்டைக் கம்பு, சுருள்வாள், மான்கொம்பு எல்லாம் அதே ஐந்தாறு பேர். மற்ற பிள்ளைகளின் வீட்டார் எதைப் பார்க்க வருவார்கள்?

மறு வருடம் முறையை மாற்றினோம். அப்போதுதான் காலடி பழகிக்கொண்டிருந்த, யாரிடமும் பேசாத ஒரு சிறுமியிடம் கம்புகளுக்கு எண்ணெய் தடவும் பொறுப்பைக் கொடுத்தோம். ஆறு மணிக்கே தாத்தாவோடு வந்துவிட்டாள். பழைய வேட்டித் துணியை நல்லெண்ணெயில் நனைத்து, ஒவ்வொரு கம்பையும் கணு கணுவாகத் துடைத்தாள். தாத்தா பின்னாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு கம்பைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்தவர், இளவட்டமாக இருந்தபோது தானும் கம்பு சுற்றியதாகச் சொன்னார். ஆசான் அவரையே முதல் வணக்கம் வைக்கச் சொன்னார். அதன்பின் அந்த வீட்டார் எந்த விழாவையும் தவறவிட்டதில்லை.

பொரி கலக்க, செருப்பு அடுக்க, தண்ணீர் ஊற்ற, பெயர் வாசிக்க என்று பட்டியல் போட்டு, ஒரு பிள்ளை விடாமல் பங்கு கொடுங்கள். சேர்ந்து ஒரு வாரமே ஆன பிள்ளையும் வணக்கம் மட்டுமாவது செய்து காட்டட்டும்.

சான்றிதழ் கேட்கும் பெற்றோருக்கு

தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. எனவே சான்றிதழ் இருந்தால் வருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்துப் பேர் முன்னால் கூச்சமில்லாமல் ஆடிப் பழகிய பிள்ளைதான் போட்டிக் களத்தில் கை நடுங்காமல் நிற்கும் என்று பொறுமையாக விளக்குங்கள்.

வருடத்தில் ஒருநாள் கோட்டை

2025 ஜூலையில் மராத்தியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது நம் செஞ்சிக் கோட்டை மட்டும்தான். ஆனாலும் உள்ளூர்க் குடும்பங்களில் பலர் அதைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. அழைத்துப் போங்கள்.

கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு, நெற்களஞ்சியத்துக்குப் பக்கத்தில் உள்ள உடற்பயிற்சிக் கூடத்தைக் காட்டுங்கள். தாங்கள் செய்கிற பயிற்சிக்கு அந்தக் காலத்திலேயே ஒரு கட்டடம் இருந்தது என்று அறிந்தால் பிள்ளைகள் முகம் மாறிவிடும். 1714இல் சிறு படையோடு ஆற்காட்டு நவாபை எதிர்த்து மடிந்த தேசிங்கு ராஜன் கதையை, தெரிந்த பெரியவர் ஒருவரைக்கொண்டு அங்கேயே சொல்லச் செய்யுங்கள்.

கோட்டை மலைகளில் ராஜகிரி 800 அடி உயரம். பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது. சிறுவரும் வயதானவர்களும் இருந்தால் கிருஷ்ணகிரி மலை போதும். வெயில் ஏறுமுன் தொடங்குங்கள், தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்கு பிடுங்கிவிடும். சாப்பாட்டைத் திரும்பி வந்து வைத்துக்கொள்வது நல்லது. 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. கம்பு வேண்டாம், உள்ளே ஆடிக்காட்டத் தொல்லியல் துறையின் முன் அனுமதி தேவை.

விழா முடிந்த மறுநாள்

வந்தவர்களின் படங்களை அனுப்புங்கள். ஒரு பிள்ளைகூட விடுபடக்கூடாது. பெண் பிள்ளைகளின் படத்தை வீட்டாரைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். பிறகு நோட்டை எடுத்து, வராதவர்களின் வீட்டுக்குப் போய், “ஏன் வரல?” என்று கேட்காமல் “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று தொடங்குங்கள். போகும்போது ஒரு பொட்டலம் சுண்டல் எடுத்துக்கொண்டு போங்கள்.