உயிரணுக்களை ஒவ்வொன்றாக ஆராய்தல்: தடுப்பு மருந்துகளின் விளைவை அறிய ஒரு புதிய முறை

தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் எம். கே. பானும் அவருடன் பணிபுரிந்தோரும் 1980களில் பச்சிளங்குழந்தைகளிடமிருந்து ரோட்டா வைரஸ் வகை ஒன்றைப் பிரித்தெடுத்தனர். வைரஸ் குடலில் வளர்ந்திருந்தும் குழந்தைகளுக்குப் பேதி காணவில்லை. 116ஈ எனக் குறிக்கப்பட்ட அவ்வகையே பின்னர் ‘ரோட்டாவாக்’ என்னும் சொட்டு மருந்தாயிற்று. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 குழந்தைகளைக் கொண்டு நடைபெற்ற பரிசோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. இவ்வைரஸால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கு, மருந்து பெற்ற குழந்தைகளிடையே 53.6 சதவீதம் குறைந்திருந்தது. 2016இல் அரசின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. குழந்தைகளைப் பெருமளவிற் பலிகொண்ட ஒரு நோயைப் பாதியளவேனும் தடுப்பது சிறிய காரியமன்று. எனினும், ஒரே மருந்து ஒரே அளவில் கொடுக்கப்பட்டும் ஒரு குழந்தை காக்கப்படுவதும் மற்றொன்று நோய்வாய்ப்படுவதும் ஏன் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

தடுப்பு மருந்து பலித்ததா என்பதை அறிய, இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருளின் அளவைக் கணக்கிடுவதே நெடுநாளைய வழக்கம். ரோட்டா வைரஸைப் பொறுத்தவரை அவ்வளவு ஒரு நிச்சயமான அறிகுறியன்று. மேலும், எதிர்ப்பொருள் என்பது முடிவில் வந்து சேரும் விளைவேயாகும். அதனை உண்டாக்கும் வெள்ளணுக்களுள் எவை விழித்தெழுந்தன, எவை வாளாவிருந்தன என்பதை அது கூறாது.

ஒரு கூட்டுறவுப் பால் நிலையத்தை எண்ணிப் பார்க்கலாம். ஊரிலுள்ள மாடுகள் அனைத்தின் பாலும் ஒரே அண்டாவில் ஊற்றப்பட்ட பின்பு கொழுப்புச் சத்தை அளந்தால் கிடைப்பது சராசரியே. பத்து மாடுகள் நடுத்தரமான பால் தந்தாலும், ஒன்று மிகச் சிறந்த பாலும் ஒன்பது நீர்த்த பாலும் தந்தாலும் அளவு ஒன்றாகவே இருக்கக்கூடும். வெள்ளணுக்களை மொத்தமாக அரைத்து ஆராய்ந்த பழைய முறையின் குறை இதுவே. ஒரு துளி இரத்தத்தில் இலட்சக்கணக்கில் வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றுள் குறிப்பிட்ட ஒரு கிருமியை அடையாளங் காண்பவை மிகச் சிலவே. அவற்றின் குரல் மற்றவற்றின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும்.

ஓர் உயிரணுவில் எந்த ஜீன்கள் தொழிற்படுகின்றனவோ, அவற்றின் ஆர்.என்.ஏ. பிரதிகளே அதனுள் இருக்கும். எனவே அப்பிரதிகளைப் படித்தால் அவ்வணு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது விளங்கும். சுண்டெலியின் கருவிலிருந்து எடுத்த ஒற்றை அணுவில் இவ்வாறு படித்தது 2009இல். எண்ணெய்த் துளி முறை 2015இல் வெளிவந்த பின்னரே ஆயிரக்கணக்கான அணுக்களை ஒருங்கே ஆராய்வது எளிதாயிற்று. இம்முறையில் தலைமயிரளவே தடித்த நுண்குழாய்களில் இரத்த அணுக்களும் மிகச் சிறு மணிகளும் செலுத்தப்படுகின்றன. எண்ணெயால் சூழப்பட்ட ஒவ்வொரு நீர்த்துளியிலும், வாய்ப்பு நேர்ந்தால், ஓரணுவும் ஒரு மணியும் அகப்படும். மணியின்மேல் அதற்கே உரிய முத்திரை ஒன்று டி.என்.ஏ. எழுத்துக்களால் பொறிக்கப்பட்டிருக்கும். துளிக்குள் அணு உடைந்ததும் அதன் பிரதிகள் மணியில் ஒட்டி அம்முத்திரையைப் பெறுகின்றன. பிறகு அனைத்தையும் ஒன்றுகலந்து படித்தாலும், எந்தப் பிரதி எந்த அணுவினுடையது என்பதைக் கணிப்பொறி முத்திரையைக் கொண்டு பிரித்துவிடும்.

இதில் மற்றுமொரு நன்மை உண்டு. எதிர்ப்பொருளின் மூலக்கூறு கன இழை, இலகு இழை என இருவகை இழைகளாலானது. இரண்டும் சேர்ந்தே கிருமியைப் பற்றுகின்றன. மொத்தமாக அரைத்தால் எந்த இழைக்கு எந்த இழை இணை என்பது தொலைந்துபோம். தனியணு முறையில் இணை பிரிவதில்லை.

2021இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பாலி புலேந்திரன் குழுவினர், பைசர் கோவிட் தடுப்பூசி பெற்ற 56 பேரின் நோயெதிர்ப்பு விளைவுகளை ஆராய்ந்தனர். சிலருடைய இரத்தத்தைத் தனியணு முறையிற் பார்த்தபோது, இரண்டாம் ஊசிக்குப் பின் ஒருவகை வெள்ளணுக் கூட்டம் ஏறத்தாழ நூறு மடங்கு பெருகியிருந்தது. இன்டர்பெரானுக்கு இணங்கும் ஜீன்கள் அதில் முனைப்பாக இருந்தன. முதல் ஊசி உடலை ஆயத்தப்படுத்த, இரண்டாவது ஊசி அதன் பயனை வெளிப்படுத்தியது எனலாம்.

தில்லியில் இத்துறையில் வேலை நடவாமலில்லை. அங்குள்ள பன்னாட்டு ஜீன் பொறியியல், உயிர்த்தொழில்நுட்ப மையத்தினர் அமெரிக்க எமரி பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, டெங்குக் காய்ச்சல் கண்ட இந்திய நோயாளிகளின் டி அணுக்களை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். போரிடத் தயாரான டி அணுக்கள் ஏராளமாகப் பெருகியிருந்தும், வைரஸின் துணுக்குகளைக் காட்டியபோது அவற்றுள் சிறு பகுதியே இன்டர்பெரான் சுரந்தது. அணுக்களை எண்ணியதோடு நின்றிருந்தால் இம்முரண் தெரிந்திராது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸிலைச் சேர்ந்த தில்லி ஜீனோம் ஆராய்ச்சி நிலையத்தினர், கோவிட் நோயுற்றோர், குணமடைந்தோர் ஆகிய இருசாராரின் இரத்தத்தையும் தனியணு முறையில் ஒப்பிட்டு 2022இல் எழுதினர். தடுப்பு மருந்தின் விளைவை மதிப்பிட, இயற்கையாக நோய் வந்து நீங்கியவரின் நிலை ஓர் அளவுகோலாக உதவும்.

முறையின் குறைகளும் சிறியன அல்ல. செலவு மிகுதி. அணுவிலுள்ள பிரதிகளில் ஒரு பகுதியே சிக்குகிறது. ஆதலால் ஒரு ஜீன் காணப்படவில்லை என்பதைக் கொண்டு அது தொழிற்படவில்லை எனத் துணிதல் தவறாகும். உயிரணுக்கள் உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்கா; தில்லியின் ஜூன் மாத வெயிலில் இரத்தக் குப்பி ஆராய்ச்சிக் கூடத்தை அடைவதே ஒரு பந்தயந்தான்.

ரோட்டா சொட்டு மருந்துக்கு இவற்றினும் பெரிய இடையூறு ஒன்றுண்டு. அது செயற்படும் இடம் குடற்சுவர். ஆறாவது வாரத்தில் முதல் தவணை பெறும் நலமான குழந்தையின் குடற்சுவரிலிருந்து ஆராய்ச்சிக்காக அணுக்களை எடுப்பது தகாது. ஆனால் குடலில் தூண்டப்பட்ட பி அணுக்கள், அங்கேயே திரும்பிச் சேருமுன் சில நாட்கள் இரத்தத்தில் உலவுகின்றன; குடலுக்குத் திரும்புவதற்கான புரோட்டீன் அடையாளம் அவற்றின் மேற்புறத்தில் இருப்பதால் மற்றவற்றினின்றும் பிரித்தறியலாம். மருந்து கொடுத்துச் சுமார் ஒரு வாரத்திற்குள், சிசுவிடமிருந்து எடுக்கத்தகும் ஓரிரு மில்லிலிட்டர் இரத்தத்தில், அவ்வணுக்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.