கம்பியில் உதிரும் ஈயம்

புதுமடம்

அன்புள்ள தம்பிக்கு,

எனாமல் பெயின்ட்டில் ஈயம் கலந்ததற்கு நிறமும் நீடித்த உழைப்பும்தான் காரணம். மஞ்சளுக்கு ஈயக் குரோமேட், வெள்ளைக்கு வெள்ளை ஈயம், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சுக்கு ஈயச் செந்தூரம். வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்தத் தொல்லை இல்லை. பழைய வீடுகளில் கதவு, ஜன்னல், கம்பிக் கிராதி ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பூச்சு கெட்டியாக ஒட்டியிருக்கும்வரை ஆபத்து குறைவு, தூளானால்தான் வினை. புதுமடம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டுக் கம்பி துருவேறுகிறது. பெயின்ட் கொப்பளித்துப் பொருக்காக எழுகிறது. மறுபூச்சுக்கு முன் அதை உப்புத்தாளால் தேய்க்கும்போது, மாவைவிட நைசான தூள் தரையிலும் திண்ணையிலும் படிகிறது. தவழும் குழந்தை அங்கே கையை ஊன்றி, அதே கையை வாயில் வைக்கிறது. விழுங்கிய ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு வரை கூடுதலாக உறிஞ்சக்கூடும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு அது இன்னும் அதிகம்.

உள்ளே போன ஈயம் வளரும் மூளையைத்தான் முதலில் கெடுக்கிறது. படிப்பு ஏறாது, கவனம் நிற்காது, ரத்தசோகையும் வரலாம். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடும், சிறுநீரகம் பழுதாகும். கால்சியத்தைப் போல ஈயம் எலும்பில் தங்கி, கர்ப்ப காலத்தில் வெளியேறி, வயிற்றிலுள்ள சிசுவையும் எட்டும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெளியே பெரும்பாலும் அடையாளம் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் வழி.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வெயிலில் தூளான வராந்தாக் கிராதிப் பெயின்ட்தான் குழந்தைகளுக்கு நஞ்சாகிறது என்று லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் 1904-லேயே எழுதினார். இந்தியாவில் விதி வர 2016 ஆயிற்று: வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த விதி புது டப்பாவுக்குத்தான். அடியில் கிடக்கும் பழைய பூச்சை அது தொடாது.

ஆகவே பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, நெருப்பு காட்டி உரிக்கவும் கூடாது. தண்ணீரால் நனைத்துச் சுரண்டி, பொருக்கைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். தரையைப் பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைப்பதே சரி. வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருப்பது நல்லது. பெயின்டர் முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூளுக்குப் போதாது. வேலைச் சட்டையோடு அவர் வீடு திரும்பினால் தூளும் கூடவே போகும். சட்டையை மாற்றிவிட்டு, அதைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்