வைத்தியம் பயில்வோர் மனநலம்

1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கினார். வைத்தியம் பயில்வோன் பிரேதத்தைக் கண்டு கலங்கலாகாது என்பது எங்கும் எழுதாச் சட்டம். மனவுறுதி வேண்டற்பாலதே. ஆயினும் எல்லாப் பாடமும் எல்லார்க்கும் ஒரே பாரமுடையதன்று.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை நிலாவெளி, கிண்ணியா, மூதூர்க் கரைகளைச் சூறையாடிற்று. அன்று சிறுவராயிருந்தோர் பின்னர் வைத்தியம் பயிலவும் புகுந்தனர். தாயைக் கடல்கொண்ட பிள்ளை, நீரில் மூழ்கி இறந்தோர் உடற்படத்தை முன்னறிவிப்பின்றி வகுப்பிற் காணின், நுரையீரலையா நோக்குவான்? "நாளை இப்பாடம், இன்ன படங்கள் வரும்" என ஆசிரியர் முதல்நாளே கூறின் யாது குறையும்? பாடத்தை விலக்குதல் வேறு. அதற்கு ஆயத்தஞ் செய்தல் வேறு.

எச்சரிக்கை மாத்திரம் துயரைத் தணிப்பதில்லை, முன்னச்சத்தையே கூட்டும் என மேனாட்டு ஆய்வாளர் சிலர் கண்டுள்ளனர். அதுவும் மெய்யே. ஆதலின் சொல்லிவிட்டு அகலாது, வகுப்பு முடிந்தபின் அப்பிள்ளையைத் தனியே அழைத்து நலம் வினாவுதலும் ஆசிரியர் கடனாம்.

தமிழாசிரியர்க்கு இதில் யாது தொடர்பு என வினவுவாரும் உளர். புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டுக்களை யாமும் கற்பிக்கின்றோம். அண்மையில் இழவு கண்ட வீட்டுப் பிள்ளை எவன் என முன்னரே விசாரித்தறிந்த பின்னரே தொடங்குகின்றோம்.