எண்ணும் வண்ணமும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது நம்மவர் மரபு. இவ்விரண்டோடு வண்ணமும் ஒருங்கு சேர்ந்து, பல்லாயிரவர் உடல்நலத்தின் பொருட்டு வாதாடிய வரலாறு ஒன்றினை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். விஞ்ஞானம் வேறு, கலை வேறு. முன்னது அறிவுக்கும் பின்னது இன்பத்துக்கும் உரியன என்று கருதி, ஒன்றனைப் பயில்வோர் மற்றொன்றன் வாயிலையும் மிதியாதிருக்கக் காண்கின்றோம். பொதுச் சுகாதாரத் துறையில் இப்பாகுபாடு செல்லாது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1858-ஆம் ஆண்டில் வெளியிட்ட படம் ஒன்றே இதற்குத் தக்க சான்று.

அம்மையாரைக் கைவிளக்கேந்திய செவிலியாகவே உலகம் அறியும். பள்ளிப் பாடநூல்களும் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடும். பகலெல்லாம் நோயாளரைப் பேணிய அக்கை, இறந்தோர் தொகையை எழுதி வைத்த கையும் ஆகும் என்பதைச் சொல்வார் சிலரே. 1820-ஆம் ஆண்டில் செல்வக் குடியிற் பிறந்த அவர், இளமையிலேயே கணிதத்திற் பெருவிருப்புற்று, பெற்றோரை வற்புறுத்தி ஆசிரியரை அமர்த்திக் கொண்டு கற்றவர். பின்னாளில் அவர்க்குப் படைக்கலமாயது அக்கல்வியே.

கிரிமியப் போரில் ருஷியாவை எதிர்த்துப் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் துருக்கியரும் ஒருங்கு நின்றனர். காயமுற்றோரும் நோயுற்றோரும் கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே படைவீடு ஒன்றே மருத்துவ நிலையமாக்கப்பட்டிருந்தது. 1854-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 38 பெண்டிருடன் அம்மையார் அங்குச் சென்று சேர்ந்தார். கட்டடத்தின் அடியிற் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுத் தேங்கிக் கிடந்தன, அறைகளிற் காற்றோட்டமில்லை, இடநெருக்கடியும் மிகுந்திருந்தது. 1855-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அரசாங்கத்தார் அனுப்பிய சுகாதாரக் குழுவினர் வந்து, கால்வாய்களைத் துப்புரவு செய்து, செத்த விலங்குகளை அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி, காற்றுப் புகுவதற்கு வழிகளும் திறந்தனர். அக்குழுவில் ஜான் சதர்லண்டு என்னும் மருத்துவரும் ராபர்ட் ராலின்சன் என்னும் பொறியியலாரும் இருந்தனர்.

இனி, அம்மையார் பின்னர் வெளியிட்ட கணக்கைச் சிறிது நோக்குவோம். 1855-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கீழ்நாட்டிலிருந்த பிரிட்டிஷ் படையின் சராசரித் தொகை 32,393. அம்மாதத்திற் போர்க்காயத்தால் இறந்தவர் 83 பேர். தடுத்தற்கியன்ற நோய்களால் இறந்தவரோ 2,761 பேர்! பிற காரணங்களால் இறந்தவர் 324 பேர். பகைவன் குண்டு ஒருவனைக் கொல்லுமுன் வாந்திபேதியும் சீதபேதியும் சன்னிபாதச் சுரமும் முப்பதின்மருக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றன என்பது இதன் பொருள். இவ்வொரு மாதத்து நோய்ச்சாவை ஆண்டுக்கணக்காக மாற்றினால், ஆயிரவருக்கு 1,022.8 என்று வரும். ஆயிரவரில் ஆயிரத்து இருபத்திருவர் இறப்பது எங்ஙனம் என்று மாணவர் மலைத்தல் வேண்டா. அந்த ஒரு மாதத்துச் சாவு பன்னிரு மாதமும் அவ்வாறே நீடிக்குமாயின், இடையிடையே புதியோரைக் கொண்டு நிரப்பினாலன்றிப் படை முழுதும் ஓராண்டுக்குள் அழிந்தொழியும் என்பதே கருத்து. அடுத்த ஆண்டு அதே ஜனவரி மாதத்தில், 44,212 பேர் கொண்ட படையில் நோயால் இறந்தவர் 42 பேர் மட்டுமே. ஆண்டுக்கணக்கில் ஆயிரவருக்கு 11.4.

இவ்வெண்கள் யாவும் அரசாங்க ஏடுகளிற் கிடந்தவையே. ஏட்டிற் கிடப்பதொன்று, ஆள்வோர் உள்ளத்திற் படிவது மற்றொன்று. இங்கிலாந்திற்குத் திரும்பிய அம்மையாரின் முயற்சியால், படையினரின் உடல்நலத்தை ஆராய 1857-ஆம் ஆண்டில் அரச ஆணைக்குழு ஒன்று அமைந்தது. பெண்ணாதலின் அவர் அதில் உறுப்பினராக அமரவில்லை. எழுத்து மூலமாகவே சான்று பகர்ந்தார். அவர்க்குத் துணை நின்றவர், பிறப்பிறப்புப் பதிவகத்தைச் சார்ந்த வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞர். புள்ளிவிவரங் கூறும் நூல் எத்துணை வறண்டதாயிருக்குமோ அத்துணை நன்று என்பது அவ்வறிஞரின் கொள்கை. அம்மையார் அவரைத் தம் ஆசானாகவே மதித்தார். ஆயினும் இவ்வொன்றில் அவர் வழி நில்லாது தம் வழியே சென்றார். அமைச்சரும் அரண்மனையாரும் எண்வரிசைகளைப் புரட்டிப் பாரார், படத்தையேனும் பார்ப்பர் என்பது அவர் துணிபு. சொல்லுக்கு அடைத்த செவியினரைக் கண் வழியாகச் சென்று மடக்குதல் வேண்டும் என்று அவர் கருதினார்.

அப்படத்தின் அமைப்பைச் சொல்லுவோம். ஒரு மையப்புள்ளியைச் சுற்றிப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு சமகோணங்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு கோணத்திலும் விசிறி மடல்போல விரியும் வட்டத் துண்டுகள் உள்ளன. நீல மடல் தடுத்தற்கியன்ற நோய்ச்சாவு. செம்மடல் காயத்தாற் சாவு. கருமடல் பிற காரணச் சாவு. மூன்றும் மையத்திலிருந்தே அளக்கப்படுவன. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியவை அல்ல. 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச்சு முடிய ஒரு மலர். அடுத்த பன்னிரு மாதங்களுக்கு மற்றொரு மலர். முதலாண்டின் மலர் வலப்புறத்திலும் இரண்டாமாண்டின் மலர் இடப்புறத்திலும் இருப்பது, இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய நம் கண்ணைச் சற்றே தடுமாறச் செய்வதுண்டு. வலப்புறத்து மலரில் நீலம் காட்டாறுபோற் கரைபுரண்டு நிற்க, செம்மை நடுவில் ஒடுங்கிக் கிடக்கின்றது. இடப்புறத்திலோ அந்நீலம் நாளடைவிற் சுருங்கி மையத்தில் ஒடுங்கக் காண்கின்றோம். ஒரு வரியும் படியாதவனும் இதனைக் கண்ட அளவில், 'இவர்களைக் கொன்றது ருஷியனல்லன்' என்று அறிந்துகொள்வான்.

அழகு மட்டும் இப்படத்தின் சிறப்பாயின் இவ்வளவு எழுதத் தேவையில்லை. இதனுள் இருக்கும் நேர்மையே நாம் கற்கவேண்டுவது. அம்மையார் முதலில் வரைந்த படங்களுள் ஒன்றில், சாவின் தொகைக்கு ஏற்ப மையத்திலிருந்து செல்லும் கோட்டின் நீளம் அமைந்திருந்தது. அம்முறையிற் குற்றமுண்டு. கண் கோட்டை அளப்பதில்லை. வண்ணம் பூசிய பரப்பையே அளக்கின்றது. ஆரம் இருமடங்கானாற் பரப்பு நான்மடங்காகும். எனவே, மேற்கூறிய இரண்டு ஜனவரி மாதங்களையும் நீளத்தால் வரைவோமாயின், ஏறத்தாழத் 90 மடங்கான வேறுபாடு பரப்பில் 8,000 மடங்காகத் தோன்றும். வாதத்துக்கு அது பேருதவியாகவே இருந்திருக்கும். ஆனால் அது பொய். அம்மையார் அம்முறையை விட்டொழித்து, தொகைக்குத் தக்கவாறு பரப்பே அமையும்படி புதிய படத்தை வரைவித்தார். அதன்படி ஆரமானது தொகையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும்; 90 மடங்குச் சாவுக்கு ஆரம் ஒன்பதரை மடங்கு நீளும். கணித வகுப்பில் வர்க்கமூலத்தை மனப்பாடம் செய்து சலிப்புறும் மாணவர், அது உண்மையைப் பொய்யினின்று பிரிக்கும் இடமும் உண்டென்று இங்கே காணலாம்.

வட்டப் படங்களை முதன்முதற் கண்டுபிடித்தவர் அம்மையாரே என்று கூறுவாரும் உளர். அஃது உண்மையன்று. வில்லியம் பிளேபேர் என்பார் 1786-ஆம் ஆண்டிலேயே பட்டைப் படங்களையும், 1801-ஆம் ஆண்டில் வட்டத்தைக் கூறுபடுத்திய படத்தையும் வெளியிட்டார். வில்லியம் பாரும் வாந்திபேதியைப் பற்றிய தம் 1852-ஆம் ஆண்டு அறிக்கையில் வட்டப் படங்களை அமைத்துள்ளார். அறிஞர் அறிஞருக்குக் காட்டிய படத்தை, ஆள்வோரை அசைக்கும் கருவியாக்கியதே அம்மையாருக்குரிய புகழ். அதனைக் குறைவென்று யாம் கருதவில்லை.

படத்தை ஐயுற்று நோக்குதலும் வேண்டும். இரு மலர்களும் 1855 மார்ச்சு முடிவிற் பிரிகின்றன. சுகாதாரக் குழு வந்ததும் அம்மாதமே. பார்ப்பவர், குழுவினர் கால் வைத்ததும் சாவு ஒழிந்தது என்றே கொள்வர். ஏட்டை எடுத்துப் பார்த்தாலோ, ஜனவரியில் 2,761 ஆயிருந்த நோய்ச்சாவு பிப்ரவரியில் 2,120 ஆக, குழு வருமுன்னரே இறங்கத் தொடங்கிவிட்டது. கடுங்குளிர் நீங்கியது, உணவும் உடையும் வந்து சேர்ந்தன, பட்டினியாலும் பனியாலும் மெலிந்து நோய்க்கு இரையாவார் தொகை குறைந்தது. இவை யாவும் சேர்ந்தே பயன் தந்தன. துப்புரவின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. முழுப்பங்கும் அதற்கே உரியது என்று படம் மெய்ப்பிக்கவில்லை. மேலும், நோய்க்குக் காரணம் கெட்ட காற்றே என்பது அம்மையாரின் அக்காலக் கொள்கை. வாந்திபேதிக் கிருமியை ராபர்ட் காக் ஆராய்ந்து நிறுவியது 1884-ஆம் ஆண்டில். காரணத்தைப் பிழையாகக் கொண்டிருந்தும் கால்வாயைச் சுத்தம் செய்யச் சொன்னது சரியாகவே முடிந்தது. அறிவியலின் வரலாற்றில் இத்தகைய நற்பேறு எப்போதும் வாய்ப்பதன்று.

போர் முடிந்தபின் இப்படத்தை, 'அது கடந்த கதை' என்று ஒதுக்கிவிட இடமிருந்தது. அதற்கு விடையாக அம்மையார் வேறொரு படம் தந்தார். அதற்கு மலர் வடிவு வேண்டியிருக்கவில்லை, இணைகோடுகளே போதியவாயின. அமைதிக் காலத்தில் இங்கிலாந்திலேயே படைவீடுகளில் வாழும் வீரரையும், அதே வயதினரான குடிமக்களையும் ஒப்பிட்டார். 20 முதல் 25 வயதுள்ள குடிமக்களுள் ஆண்டுக்கு ஆயிரவரில் 8.4 பேர் இறக்க, வீரருள் 17 பேர் இறந்தனர். வீரரோ நோயற்றவர் என்று மருத்துவர் பரிசோதித்துப் பொறுக்கி எடுத்தவர்! ஒரு கருங்கோடும் அதனினும் இருமடங்கு நீண்ட ஒரு செங்கோடும் பக்கம் பக்கமாக நிற்பதைக் கண்டார், வாளாவிருத்தல் அரிதாயிற்று. படைவீடுகளின் காற்றோட்டமும் கழிநீர் வசதியும் சீர்ப்பட்டன. படை மருத்துவத் துறையிற் புள்ளிவிவரப் பிரிவும் மருத்துவப் பள்ளியும் தோன்றின. 1858-ஆம் ஆண்டில் லண்டன் புள்ளியியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அப்பேறு பெற்ற முதற் பெண்மணி அவரே.

இவ்வரலாறு நம் நாட்டையும் தொட்டதுண்டு. இந்தியாவிலிருந்த படையின் சுகாதாரத்தை ஆராய 1859-ஆம் ஆண்டில் அமைந்த ஆணைக்குழு 1863-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. அவ்வறிக்கையில் அம்மையார் எழுதிய பகுதிக்கு, அவருடைய உறவினரான ஹிலரி பானம் கார்ட்டர் என்னும் ஓவியப் பெண்மணி சித்திரங்கள் வரைந்தார். தண்ணீர் சுமப்போரும், பொழுதுபோக்க வழியின்றிப் படைவீட்டிற் சோம்பிக் கிடக்கும் வீரரும் அவற்றிற் காணப்படுவர். இங்கே வண்ண மடல்களில்லை, காட்சியே சான்றாயிற்று. இந்தியாவில் வெள்ளைப்படையின் சாவு ஆண்டுக்கு ஆயிரவருக்கு 69 என்று அவ்வறிக்கை காட்டியது. ஆயிரவர் கொண்ட பட்டாளம் ஒன்று இருபது மாதத்துக்கொருமுறை நூற்றுவர்க்கு மேற்பட்டோரை, அஃதாவது ஒரு முழு அணியை இழக்கும் என்று அம்மையார் அதனைச் சொல்லாலேயே படமாக்கினார். 1864-ஆம் ஆண்டில் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் ஏற்பட்டன. பத்தாண்டில் அச்சாவு ஆயிரவருக்கு 18 ஆகக் குறைந்ததென அவரே பின்னர் எழுதினார்.

எனினும் அக்கணக்கு பெரும்பாலும் சிப்பாய்களின் கணக்கு, குடிமக்களின் கணக்கன்று. படைவீட்டுச் சுவருக்கு வெளியே ஊர் நோயுற்றிருக்க, உள்ளே மட்டும் நலம் நிலையாது என்பதை உணர்ந்த அம்மையாரின் நோக்கம் ஊர்களின்பாலும் உழவர்பாலும் திரும்பியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது, காவிரியிலும் கோதாவரியிலும் அணைப்பணி செய்த ஆர்தர் காட்டனாரோடு ஒத்து நின்று, நீர்ப்பாசனமும் உடல்நலத்தின் பகுதியே என்று அவர் வாதாடினார். சிப்பாய்க்கு மாதந்தோறும் கணக்கெழுதுவார் இருந்தனர். சிற்றூரிற் பசியால் மாண்ட உழவனை அவ்வாறு எண்ணி வைப்பார் யாவர்? எண் இல்லாத இடத்தில் வண்ணம் பூசுவதற்கும் ஒன்றுமில்லை.

முதுமையில், 1891-ஆம் ஆண்டில், பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞரோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, சமுதாயச் செய்திகளுக்குப் புள்ளியியலைப் பயன்படுத்தும் வகையைக் கற்பிக்க ஆக்ஸ்போர்டில் பேராசிரியப் பதவி ஒன்று நிறுவ அவர் முயன்றார். சட்டங்கள் இயற்றுவோர் அவற்றின் விளைவை எண்ணிப் பாராதிருப்பதே அவரது நெடுநாட் குறை. பல்கலைக்கழகத்திற் பயின்று ஆட்சிக்குச் செல்லும் இளைஞரிடமிருந்தே அதனைத் திருத்தத் தொடங்க எண்ணினார். அத்திட்டம் நிறைவேறவில்லை. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் மறைந்தபோதும் அவர் விரும்பிய அப்பதவி ஆக்ஸ்போர்டில் ஏற்பட்டிருக்கவில்லை.