புரதத்தின் வடிவைப் படத்துடன் விளக்கும் விக்கிப் பக்கம்

அறிவு என்பது பகிர்ந்தளிப்பதனால் குறையாத செல்வம். ஒரு கிணற்று நீரைப் பத்துப் பேர் இறைத்தால் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். ஒரு பக்கத்தைப் பத்தாயிரம் பேர் படித்தாலும் எவர் பங்கும் சுருங்காது. எனினும் அப்பக்கம் எழுதப்படாத மொழியில் படிப்போர்க்கு அச்செல்வம் கிட்டுவதில்லை. புரதங்களின் மூலக்கூறு அமைப்புப் பற்றிய தரவும் அதனைப் படமாக்கும் மென்பொருளும் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. குறையாக நிற்பது தாய்மொழியில் விளக்கி எழுதும் உழைப்பு ஒன்றே. அவ்வுழைப்பை மேற்கொள்ளும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் கொலாஜன்?

எடுத்துக்காட்டாகக் கொலாஜன் என்னும் புரதத்தைக் கொள்வோம். எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றிற்கு உறுதி தருவது இதுவே; மனித உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவாகும். சித்தூரை அடுத்த ராணிப்பேட்டை, வேலூர் வட்டாரங்களில் பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கும் தோல் பதனிடும் தொழில், அடிப்படையில் கொலாஜன் இழைகள் அழுகாவண்ணம் உறுதிப்படுத்தும் தொழிலே. எனவே இப்புரதம் மாணவருக்குப் பாடமாகவும் தொழிலாளிக்குப் பிழைப்பாகவும் அமைகிறது.

இதன் அமைப்பைக் கண்டறிந்த பெருமையும் இப்பகுதிக்கு அயலானதன்று. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து இவ்வாய்வில் ஈடுபட்டார். அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியால் கங்காரு வால் தசைநாணின் கொலாஜன் கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்த இருவரும் 1954-ல் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். 1955-ல் அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட முச்சுருளாக அதனைத் திருத்தினர். சங்கிலிகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றி அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோர் மாறுபட்டனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு என்றது சென்னை மாதிரி. ஒன்று என்ற கருத்தே பின்னர் நிலைபெற்றது. முச்சுருள் என்னும் அடிப்படை மட்டும் மாறாது நின்றது. நல்ல பக்கம் இவ்விரண்டையும் மறைக்காது கூறவேண்டும்.

படத்திற்கான மூலப்பொருள்

புரதத்தின் படம் ஒளிப்படம் அன்று. அணுக்கள் ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்களிலிருந்து வரையப்படும் மாதிரியே அது. இவ்வெண்களைத் தொகுத்து வைப்பது 1971-ல் ஏழு வடிவமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கி. இன்று அதில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் உள்ளன. எவரும் கட்டணமும் முன் அனுமதியும் இன்றி அவற்றைப் பயன்படுத்தலாம்.

கொலாஜனுக்கு '1சிஏஜி' என்னும் பதிவு ஏற்றது. ஜோர்டி பெல்லா, மார்க் ஈட்டன், பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் ஆகியோர் 1994-ல் வெளியிட்ட இவ்வமைப்பு, செயற்கையாகத் தொகுக்கப்பட்ட துண்டு ஒன்றின் படிகத்திலிருந்து பெறப்பட்டது. சங்கிலி ஒன்றுக்கு முப்பது அமினோ அமிலங்கள். இயல்பான கொலாஜனில் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் இருக்கும். இத்துண்டில் ஓர் இடத்தில் மட்டும் கிளைசினுக்குப் பதில் அலனின் வைக்கப்பட்டுள்ளது.

மூன்று படங்கள்

ஓப்பன்சோர்ஸ் பைமால், ஜேமால் போன்ற மென்பொருள்களில் இப்பதிவைத் திறந்து மூன்று படங்கள் வரைந்தால் போதும்.

முதற்படம் பக்கவாட்டுத் தோற்றம். மூன்று சங்கிலிகளுக்கும் மூன்று வண்ணங்கள் தருக. கயிறு முறுக்குவதைக் கண்ட எவர்க்கும் வடிவம் விளங்கும். நிறப்பார்வைக் குறையுடையோர்க்கும் வேறுபாடு தெரியும் வண்ணங்களையே தேர்க.

இரண்டாம் படம் அச்சின் வழியே நோக்கிய தோற்றம். இதில் கிளைசின்களை மட்டும் தனித்துக் காட்டுக. அவை யாவும் நடுவில் நெருங்கி நிற்பதைக் காணலாம். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசின். அதன் பக்கக் கிளை ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே. முச்சுருளின் மையத்தில் வேறெதற்கும் இடமில்லை.

மூன்றாம் படம் அலனின் உள்ள இடம். அங்கே முறுக்குச் சற்றே தளர்ந்து, சங்கிலிகளின் நேரடிப் பிணைப்புகள் விட்டுப்போன இடங்களில் நீர் மூலக்கூறுகள் புகுந்திருக்கின்றன. மனித மரபணுவில் இத்தகைய ஒரே ஓர் எழுத்துப் பிழை நேர்ந்து கிளைசின் மாறிவிடின், சிறு தாக்குதலுக்கும் எலும்பு முறியும் பிறவி நோய் உண்டாகலாம். ஒரு குழந்தையின் எலும்பு ஏன் மீண்டும் மீண்டும் முறிகிறது என்று கேட்கும் பெற்றோருக்குப் பத்துப் பக்க விளக்கத்தைவிட இப்படம் மிகுதியாக உணர்த்தும்.

விளக்கவுரையும் பக்கமும்

படத்தின் கீழ் எழுதும் விளக்கவுரையில்தான் நேர்மை வெளிப்படும். பதிவு எண், ஆய்வு முறை, வரையப் பயன்பட்ட மென்பொருள் ஆகியவற்றைக் குறிப்பிடுக. முழுக் கொலாஜன் மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர்; நம் படத்திலுள்ள செயற்கைத் துண்டு அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்களவே. இதைச் சொல்லாது விட்டால் படம் பொய்யுரைக்கும். கணினி முன்கணித்த வடிவைப் பயன்படுத்தும் பக்கங்களில், அது சோதனையால் கண்டதன்று என்பதையும் எழுதுதல் வேண்டும்.

எழுதப் புகுமுன், ஏற்கெனவே பக்கம் உள்ளதா என்று பார்த்து, இருப்பின் அதனையே விரிவாக்குக. படங்களைக் கட்டற்ற உரிமத்தில் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் எல்லா மொழிப் பக்கங்களும் அவற்றைப் பயன்படுத்தலாம். பெயர்க் குறிப்புகளைப் படத்திற்குள் பொறிக்காது விளக்கவுரையில் தருவது மொழிபெயர்ப்போர்க்கு எளிது. கூற்று ஒவ்வொன்றிற்கும் வெளியான ஆதாரம் காட்டுக. பாடநூல் வரிகளை அப்படியே பெயர்த்தெழுதுதல் கூடாது. கலைச்சொல்லை முதன்முறை ஆளுமிடத்தில் ஒரு வரியில் விளக்கிவிடுக.

சித்தூரும் திருப்பதியும்

இப்பணிக்கு இவ்விரு ஊர்களும் மிகப் பொருத்தமானவை. திருப்பதியில் 1954-ல் நிறுவப்பெற்ற ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 1997-ல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகம் தென்மொழிகளின் ஆய்வுக்கென அமைந்தது. மக்களோ தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குபவர். அறிவியல் மாணவர் ஒருவர் படம் வரைய, மொழி மாணவர் இருவர் தெலுங்கிலும் தமிழிலும் எழுத, ஆசிரியர் ஒருவர் சரிபார்த்தால், ஒரே உழைப்பில் இரு மொழிகளுக்குப் பயன் விளையும்.

இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. கணினிக் கூடம், இணைய வசதி, மதிப்பெண்ணில் சிறு இடம் ஆகியவை போதும். ஆண்டுதோறும் விடைத்தாள்களுடன் மறைந்துபோகும் செய்முறைப் பயிற்சிகளுள் ஒன்றையேனும் இவ்வாறு நிலைத்த பக்கமாக மாற்றுதல் கல்வித் துறையினர் உடனே மேற்கொள்ளத்தக்கது.